எச்சில் கரண்டி

கரண்டியைக் கணவர் வாயிலிருந்து உருவினாள். கூடவே எச்சில் நூலாக நீண்டு வந்தது.

அறுந்து அவள் மணிக்கட்டில் விழுந்தது. முந்தானையில் துடைத்தாள். பிசுபிசுப்பு போகவில்லை.

கிண்ணத்துக்கு ஒரு கரண்டி. அவர் வாய்க்கு ஒரு கரண்டி. அதில் அள்ளி இதில் ஊற்ற வேண்டும். வாய்க் கரண்டி கிண்ணத்தில் படக் கூடாது.

பக்கவாதத்துக்குப் பிறகு அவர் தொண்டை சரியாக வேலை செய்வதில்லை. கெட்டிக் கஞ்சி இறங்கும். நீர்த்தால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒருமுறை போனது. வென்டிலேட்டரில் கிடந்து மீண்டார். இன்னொரு முறை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எச்சிலைப் பற்றி மகள்தான் விளக்கினாள்.

"அதுல ஒரு நொதி இருக்கும்மா. மாவுச்சத்தைத் துண்டு துண்டா வெட்டிடும். தானா நடக்கணும்னா வருஷக்கணக்காகும். எச்சில் பட்டா பத்தே நிமிஷம், கஞ்சி தண்ணியாயிடும். அவ்வளவையும் வெட்டிட்டு அது மட்டும் தேயாம அப்படியே இருக்கும்."

அவள் தலையாட்டினாள்.

கல்யாணமான மறுநாளிலிருந்து அவர் சாப்பிட்ட தட்டில்தான் அவளுக்குச் சோறு. தட்டைக் கழுவக் கூடாது. அவர் பிசைந்து மிச்சம் வைத்த மோர்ச்சோறு, அவள் உட்காரும்போது தண்ணீராகியிருக்கும். ஓரத்தில் அவர் சப்பித் துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள்.

ஒருநாள் வாந்தி எடுத்தாள். மசக்கை என்று வீடே சிரித்தது.

பாதிக் கிண்ணம் காலியாகியிருந்தது. அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். விளங்குகிற இடது கையால் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் திரும்ப நகர்த்தி வைத்தாள்.

மறுபடியும் தள்ளினார். விரல் கிண்ணத்தைக் காட்டியது. பிறகு அவள் வாயைக் காட்டியது.

சாப்பிடு.

நகத்தில் கஞ்சி காய்ந்திருந்த அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாய்க் கரண்டியை எடுத்தாள். கிண்ணத்துக்குள் விட்டுக் கலக்கினாள்.

மின்விசிறி சுற்றியது. அவர் கண்ணயர்ந்தார். கடைவாயில் ஒழுகியதையும் வழித்துக் கிண்ணத்தில் சேர்த்தாள்.

கஞ்சி முதலில் பளபளத்தது. கரண்டியைத் தூக்கினால் சொட்டியது. பிறகு ஓடியது.

"அம்மா, கஞ்சி கெட்டியா இருக்கா?" சமையலறையிலிருந்து மகள் கேட்டாள்.

"இருக்கு."

அவர் தோளைத் தட்டி எழுப்பினாள்.

"இன்னைக்கு எனக்கு மிச்சம் வேணாம். நீங்களே முடிச்சிடுங்க."

அவர் வாயைத் திறந்தார்.