வெளிநாட்டு உறவு

மீனம்மா கேன்டீன் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோதும் மகள் பதினான்காம் கேள்வியிலேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.

காலையில் இவள் வேலைக்குக் கிளம்பும்போதும் அதே கேள்விதான். பக்கத்தில் வைத்துவிட்டுப் போன தேத்தண்ணி அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது.

ஐந்து மணிக்குள் பாரத்தை நிரப்பி அனுப்பியாக வேண்டும். இப்போதே மணி நான்கு.

மகள் பவானேஸ்வரி பல்கலைக்கழகத்தில் அனைத்துலக உறவும் பாதுகாப்பும் படிக்கிறாள். மூன்றாம் ஆண்டு. அவர்கள் ஊர் புலாவ் செபாங்கில் பாதிப் பேருக்கு அது என்ன படிப்பென்றே பிடிபடவில்லை. செக்யூரிட்டி என்று காதில் விழுந்ததும், பொம்பளப் பிள்ளையைப் போய்க் கேட்டில் நிறுத்தப் போகிறாயா என்று மீனம்மாவிடமே கேட்டவர்கள் உண்டு. நாடுகளுக்குள் சண்டை வராமல் பார்த்துக்கொள்கிற படிப்பு என்று அவளும் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். மகள் அப்படி எதுவும் சொன்னதில்லை. இவளாகக் கட்டிவிட்டதுதான்.

இப்போது புத்ராஜாயாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் ஆறு மாதப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே காலை வைத்துவிட்டால் வேலையே பாதி கிடைத்த மாதிரி. அதற்கு முன்னால் இந்தப் பாதுகாப்புச் சோதனைப் பாரம்.

குடும்பத்திலோ நெருங்கிய பழக்கத்திலோ இந்த நாட்டுப் பிரஜை அல்லாதவர் யாரும் உண்டா? உண்டென்றால் பெயர், உறவு, நாடு. இதுதான் பதினான்கு.

போன வருஷம் சீனியர் ஒருத்தி தன் வெளிநாட்டுச் சித்தப்பாவை மறைக்காமல் எழுதினாளாம். விசாரணை இழுத்துக்கொண்டே போய், அவள் இடம் வேறு யாருக்கோ போய்விட்டதாம். நேற்று மகள் இதைச் சொன்னதிலிருந்து மீனம்மா தனக்குத் தெரிந்த வெளிநாட்டுக்காரர்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

பின்னே, அவளுக்கு வெளிநாட்டுப் பழக்கம் கொஞ்சநஞ்சமா?

தொழிற்சாலை கேன்டீனில் கூடவே பாத்திரம் கழுவுகிற சுமியாத்தி இந்தோனேசியாக்காரி. ஐந்து வருஷமாக இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். மிஞ்சின கோழிக் கறியைத் தப்பாவ் பொட்டலமாகக் கட்டி பங்களாதேஷ் பையன்கள் கையில் கொடுத்தனுப்புவதும் இவள்தான். போதாததற்கு, கேட்டில் நிற்கிற நேப்பாளிப் பையன் இவளைப் பார்க்கும்போதெல்லாம் 'ஆமா' என்பான். கேட்காத கேள்விக்கு இவன் எதற்கு ஆமாம் போடுகிறான் என்று முதலில் முழித்தாள். அவன் ஊரில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்த கையோடு தீபாவளிக்கு அவனுக்கு முறுக்கு வேறு கொடுத்துத் தொலைத்திருக்கிறாள்.

இதெல்லாம் உறவில் சேருமா, சேராதா?

பையை இறக்கி வைத்தாள். அடுப்பைப் பற்ற வைத்தாள், அணைத்தாள். காய்ந்த துணிகளை மடித்தாள். மடித்ததையே உதறி மறுபடியும் மடித்தாள். மகள் எரிந்து விழுந்திருந்தால்கூடத் தேவலை. அவளோ மேசைக்கடியில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் தாங்கமாட்டாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சுமியாத்தி, கோழிக் கறி, முறுக்கு, ஒன்று விடாமல்.

"நாளையிலேர்ந்து அந்தப் பையன்கிட்டப் பேசவே மாட்டேன்டி. எழுதிறாத."

"அவங்கள்லாம் இல்லம்மா. அது ஓக்கேலா."

"அப்ப வேற யாரு? உங்கப்பா சைடுல யாராச்சும் இருக்காங்களா?"

பவானேஸ்வரி லேப்டாப்பை அம்மா பக்கம் திருப்பி வைத்தாள்.

மீனம்மாவுக்கு மலாய் சரளமாகப் பேச வரும், படிப்பது எழுத்துக் கூட்டித்தான். முதல் கட்டத்தைப் படிக்க அந்தச் சிரமம்கூட இல்லை. அது அவள் பெயர். அவளுடைய அப்பா நல்லமுத்து பெயரோடு முழுசாக இருந்தது. உறவு என்ற கட்டத்தில் அம்மா என்று போட்டிருந்தது. நாடு என்ற கட்டம் காலி.

மீனம்மா பிறந்தது இங்கிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி, ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயன் வீட்டில். அந்தக் காலத்தில் பேர் பதிவு ஒழுங்காக நடக்கவில்லை. இந்த நாட்டுப் பிரஜைகளுக்கு நீல அடையாள அட்டை, நீல ஐ.சி. என்றால் அவளுக்குச் சிவப்பு. மூன்று தடவை மனுப் போட்டும் நிறம் மாறவில்லை. ஓட்டுப் போட முடியாது, பாஸ்போர்ட் எடுக்க முடியாது, அவ்வளவுதானே என்று இந்த ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் இருந்துவிட்டாள். பிரஜை இல்லை என்றால் வெளிநாட்டுக்காரி என்று ஒருநாளும் தோன்றியதில்லை. சிங்கப்பூரைக்கூட அவள் பார்த்தது கிடையாது.

"நாட்டுக்கு என்ன போடுறதுன்னுதான் தெரியலம்மா," என்றாள் பவானேஸ்வரி. "லிஸ்ட்டுல எல்லா நாடும் இருக்கு. எதாவது ஒண்ணத் தட்டாம போகவும் மாட்டேங்குது."

மீனம்மாவுக்கு அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அதெல்லாம் ஒரு நிமிஷம். மணியைப் பார்த்தாள். ஐந்தாகப் பத்து நிமிஷம் இருந்தது.

மகளின் தோளைத் தொட்டாள்.

"எனக்கும் உனக்கும் உறவு இல்லன்னு போட்டு அனுப்பிரும்மா. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."