பறிபோன பேனா

“என் பேனாவ எவடி எடுத்தா?”

சோடாபுட்டி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். தடித்த கண்ணாடிக்காக வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது. பையிலிருந்து காகிதம் எடுக்கக் குனிந்து நிமிர்வதற்குள் பேனா மாயமாகியிருந்தது.

“நான்தான். என்னோடத முன்னாடி இருக்கறவ உருவிட்டா” என்றாள் பக்கத்தில் இருந்தவள், எழுதுவதை நிறுத்தாமல்.

முன்னால் இருந்தவளைத் தட்டிக் கேட்டால், அவள் தனக்கு முன்னால் கையைக் காட்டினாள். வழக்கு இப்படியே முதல் வரிசை வரை போனது. பேனா விஷயத்தில் அந்த வகுப்பில் யாரும் யாரையும் கேட்டு எடுப்பதில்லை.

அரங்கத்துக்குச் சிறப்புரை ஆற்ற வந்த விஞ்ஞானி அம்மா அப்போதுதான் பேசி முடித்திருந்தார். ஃப்ரீ ராடிக்கல் என்பது ஜோடியில்லாத எலக்ட்ரானோடு திரிகிற ஆசாமி. பக்கத்து மூலக்கூறிடம் ஒன்றைப் பிடுங்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பிடுங்கும். கடைசியில் செல்லுக்கே கேடு.

“இந்தச் சங்கிலி எப்படி நிக்கும்? எழுதிக் குடுங்க. நல்லா எழுதற ஒருத்தருக்கு லீவுல என் லேப்ல இடம்” என்று அறிவித்துவிட்டார்.

இப்படி ஏதாவது ஒரு வாய்ப்பு கிடைத்தால்தான் மேலே படிக்க வைப்பேன் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். சோடாபுட்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“என்னம்மா, எழுதலையா?” விஞ்ஞானியே பக்கத்தில் வந்து நின்றார்.

“பேனா போயிடுச்சு மேடம்.”

“இந்தப் பக்கம் இருக்கறவகிட்ட வாங்கிக்கோயேன்.”

“அப்புறம் அவ அடுத்தவகிட்ட பிடுங்குவா மேடம். முதல் வரிசைலேர்ந்து அப்படித்தான் வந்துச்சு. பறிகொடுத்துட்டு யாராவது ஒருத்தர் சும்மா இருந்தாத்தானே இது நிக்கும்?”

விஞ்ஞானி அவள் தோளைத் தட்டினார்.

“இதைத்தானே நான் கேட்டேன்! நீ எழுதவே வேணாம். லீவு விட்டதும் வந்துடு.”

பிறகு அரங்கத்தின் பக்கம் திரும்பினார். “ஆனா, இதை ஆரம்பிச்சு வெச்சது யாரோ, அவங்களை மட்டும் என் லேப் வாசல மிதிக்க விடமாட்டேன்!”

மறுபடி சோடாபுட்டியிடம் திரும்பினார்.

“உன் போன் நம்பர் சொல்லும்மா” என்று கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

முதல் வரிசையில் வகுப்புத் தலைவி தயங்கித் தயங்கி எழுந்தாள்.

“மேடம்... உள்ள வரும்போது பதிவேட்டுல கையெழுத்துப் போடறதுக்கு என்கிட்ட பேனா வாங்கினீங்களே... அது இதுதான்.”