ஏழாம் மாடிக்கான செய்தி

தணிகாசலம் தினமும் காலையில் ஓர் அறிவியல் செய்தியைக் கையால் எழுதிக் குடியிருப்பின் லிப்டுக்குள் ஒட்டுவார். கீழிருந்து ஏழாம் மாடிக்குப் போவதற்குள் யாரும் அதைப் படித்து முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. அவர்கள் வீடோ இரண்டாம் மாடியில். மனைவி சுலோசனா நாலு வரி படிப்பதற்குள் கதவு திறந்துவிடும். "மிச்சம் என்னங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைவாள். அவர் காபியை ஆறவிட்டுச் சொல்வார்.

அவர் இறந்து நாற்பது நாளாகியும் கடைசித் தாள் அங்கேயே இருந்தது. பல்லியைப் பார்த்துப் புதிய ஒட்டுநாடா செய்திருக்கிறார்கள். பல்லியின் பாதத்தில் பசை கிடையாது. பிறகு எப்படிச் சுவரைப் பிடித்துக்கொள்கிறது என்றால், என்ற இடத்தில் கதவு திறக்கும். அவள் இறங்கிவிடுவாள். மிச்சத்தைப் படித்துவிட்டால் அவரிடம் கேட்க ஒன்றும் இருக்காது.

இன்று ஏழாம் மாடி ஜோதிராமன் உடன் ஏறினார். சங்கச் செயலாளர் அவர்தான்.

"நாளைக்கு லிப்டுக்குப் பெயின்ட் அடிக்கிறாங்கம்மா. தாளைக் கிழியாம எடுத்துத் தர்றேன். சார் எழுதாம, நாங்கல்லாம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டே மேல போறோம்."

"நீங்க இதை முழுசாப் படிச்சீங்களா, தம்பி?"

"அன்னிக்கே படிச்சிட்டேனே. அது எப்படின்னா..."

"சொல்லாதீங்க!"

இரண்டாம் மாடியில் கதவு திறந்தது. அவள் இறங்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. சுலோசனா ஐந்தாம் வரியின் முதல் சொல்லில் விரலை வைத்தாள்.

ஏழில் லிப்ட் நின்றது. ஜோதிராமன் தயங்கித் தயங்கி இறங்கிப் போனார். விரல் அந்தச் சொல்லிலேயே இருந்தது.