நான்காம் எண்

கோவில்பட்டி பக்கம் எங்கள் ஊருக்குச் சாலை பிரியும் விலக்கில் நின்ற புளியமரத்தைச் சுற்றிவளைக்க ஏழு பேர் வேண்டும். எதிரே நிற்பவரை அடிமரம் மறைத்துவிடும். அதனால் சாலை போட அதை வெட்ட வந்த நாள்களில், மறித்துக் கைகோத்து நின்றபடி, எல்லோரும் இருக்கிறோமா என்று அறிய வரிசையாக எண் சொல்வோம். முந்தைய எண் காதில் விழாமல் அடுத்தவர் சொல்லக் கூடாது.

கடைசி நாளில் ஆசீர்வாதம் அண்ணாச்சி பயத்தில் அவசரப்பட்டு “அஞ்சு” என்றுவிட்டார். நான்காவதாக நின்ற பூவனலிங்கத்தை அதற்குள் இழுத்துப்போயிருந்தார்கள். “அஞ்சு” கேட்டதால் எதிர்ப்பக்கம் நின்றவர்களுக்கு அது தெரியவில்லை. அந்த இடைவெளியில்தான் ரம்பம் நுழைந்தது.

பூவனலிங்கம் போன தை மாதம் இறந்துபோனார். மரம் விழுந்து பதினான்கு வருஷம் கழித்து, நேற்று மத்தியானம் மீதி ஆறு பேரும் அங்கே கூடினோம். நாற்கரச் சாலையோரம் வெறும் கரிசல். அவர் இடத்தை விட்டுவைத்து வட்டமாக நின்றோம்.

“ஒண்ணு” என்றாள் மாரிசெல்வி. “ரெண்டு” என்றான் இசக்கிராஜா. நான் “மூணு” என்றேன்.

அண்ணாச்சி கண்ணை மூடியிருந்தார். லாரிகள் போயின.

“நாலு இனி வராது. நீங்க சொல்லுங்க அண்ணாச்சி” என்றாள் மாரிசெல்வி.

“கொஞ்சம் பொறும்மா. இந்தத் தடவ அவன் சொல்லட்டும்.”

காத்திருந்தோம். சற்று நேரத்தில் அவர் தலையசைத்தார். “அஞ்சு” என்றார்.

ஆறும் ஏழும் எதிர்ப்பக்கமிருந்து கேட்டன. உச்சிவெயிலில், திறந்த வெளியில், சொன்னவர்களை அன்றுபோலவே என்னால் பார்க்க முடியவில்லை.