கடல் ஓசை மட்டும்

ரெபேக்காளின் இருமலைக் கத்தரித்துக்கொண்டிருந்தார் வேதாந்தம்.

மகாபலிபுரத்துச் சவுக்குத் தோப்பில் நின்ற சவுண்டு வேனுக்குள் ஒரே புழுக்கம். நாடாவை முன்னும் பின்னும் உருட்டி, இருமல் வரும் இடத்தைப் பென்சிலால் குறித்து, வெட்டி ஒட்டினார். செங்கல்பட்டிலிருந்து சாயங்கால ரயிலில் டேப்புகள் பட்டணம் போக வேண்டும். அங்கேதான் அவள் குரலையும் வாத்தியங்களையும் கடலையும் ஒன்றாகக் கலப்பார்கள்.

செங்கல்பட்டு சர்ச்சில் பாடுகிற பெண் அவள். சினிமாவுக்கு இதுதான் முதல் பாட்டு. காலையில் அலைக்கு எதிரே நின்று, கூச்சமே இல்லாமல் பாடினாள்.

பதியும்போது வேதாந்தம் மைக் அருகே மணலில் உட்கார்ந்து மெஷினின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் மனதில் படவில்லை. போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. அடிகளுக்கு நடுவே, வறண்ட, சின்ன இருமல்.

அந்த இருமலை அவருக்குத் தெரியும். அவர் தங்கையைக் கொண்டுபோனது அதுதான். முதலில் இப்படித்தான், தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டதுபோல.

ரெபேக்காள் அவருடைய கூஜாவிலிருந்து தண்ணீர் குடித்திருந்தாள். பிறகு அவரும் குடித்திருந்தார். வீட்டில் கைக்குழந்தை.

கூஜாவை மணலில் கவிழ்த்தார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். மறுபடியும் கழுவினார்.

அதோடு விடவில்லை. தபால் ஆபீஸுக்கு ஓடி, பட்டணத்துக்கு டிரங்கால் போட்டார். அடுத்த பாட்டுக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார். ஏன் என்று கேட்டார்கள். க்ஷயம் என்று வியாதியின் பெயரைச் சொன்னார்.

இனி அவளை எந்த ஸ்டூடியோவும் வாசலில்கூட நிற்க விடாது.

திரும்பி வந்து மிச்சத்தையும் வெட்டி முடித்தார். இன்னும் ஒரு சுருள்தான் பாக்கி. பாட்டுக்கு அடியில் ஓடவிடுவதற்காகக் கடல் ஓசையை மட்டும் தனியாக எடுத்தது. பாட்டு முடிந்து, ரெபேக்காளை பஸ் ஏற்றிவிட டிரைவர் எல்லப்பன் கிளம்பிய பிறகு எடுத்தது. வெட்ட ஒன்றும் இருக்காது.

சுருளை மாட்டினார். அலை வந்தது. போனது. இன்னொரு அலை.

பிறகு, அந்த இருமல்.

நிறுத்தினார். பின்னால் உருட்டிப் போட்டார். அதே வறட்சி. அதே சிக்கல்.

கரையில் அப்போது அவரைத் தவிர யாரும் இல்லை.

ஹெட்போனைக் கழற்றினார்.

வேன் படியில் ஒரு காலை வைத்து எல்லப்பன் எட்டிப் பார்த்தான். "இன்னா சார், ஒரு மாரி கீறீங்க? ரயிலுக்கு டைமாவுது. டப்பாங்களைக் குடுங்க, எடுத்துகினு போறேன்."

"உள்ளே ஏறாதே எல்லப்பா. அங்கேயே நில்லு."

எல்லப்பன் காலை எடுத்துவிட்டு நின்றான்.

வேதாந்தம் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள்ளிருந்தே கேட்டார்:

"பட்டணத்துக்கு இன்னொரு டிரங்கால் போடணும். போஸ்டாபீஸை மூடியிருப்பாளோ?"