போர்டில் பச்சை

சாயப்பட்டறை வாசலில் இருந்த போர்டு திடீரென்று சிவப்பாக எரிந்தது.

மேனேஜர் மகுடேஸ்வரன் காப்பி டம்ளரும் கையுமாகவே பின்கட்டுக்கு ஓடி வந்தார்.

பட்டறையிலிருந்து வெளியேறும் தண்ணீரில் என்னென்ன நஞ்சு, எவ்வளவு உப்பு என்று ஊருக்குச் சொல்வதற்காக வைத்த போர்டு அது. அளவுக்குள் இருந்தால் பச்சை. மீறினால் சிவப்பு. சிவப்பு நீடித்தால் பட்டறைக்குச் சீல்.

அந்த போர்டுக்குக் கணக்குச் சொல்லும் சென்சார், கழிவு ஓடும் வாய்க்காலில் கிடக்க வேண்டும். கிடந்ததோ ஒரு பிளாஸ்டிக் வாளியில். வாளி நிறையக் கேன் தண்ணீர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர்கள் ஒரு வாய்க்காலையே வாளிக்குள் மறைத்துவிட்டார்கள்.

காலையில் வாளித் தண்ணீரை மாற்றுவது பிரபாகரின் வேலை. மனசு உறுத்தாமல் இல்லை. ஆனால் மனைவி கவிப்பிரியா நிறைமாதம். இந்த நேரத்தில் வேலையை விட்டுவிட்டு எங்கே போய் நிற்பது?

இன்றைக்குப் பார்த்துக் கேன்காரர் வரவில்லை. பழைய தண்ணீரைக் கொட்டியாகிவிட்டது. சென்சார் காய்ந்தால் போர்டு அணைந்துவிடுமே என்று கையிலிருந்ததை ஊற்றிவிட்டான்.

"ஏம்ப்பா, எந்தச் சாக்கடைல மோந்துட்டு வந்து ஊத்துன?"

"சாக்கடை இல்லீங்க. நான் குடிக்கறதுக்கு ஊட்ல இருந்து கொண்டாந்ததுங்க. எங்கூரு கெணத்துத் தண்ணி."

மகுடேஸ்வரன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அட, நம்ம தண்ணி இல்லையா! சிரித்தே விட்டார். தன் அறையிலிருந்த கேனைத் தானே தூக்கி வந்து கொடுத்து, "ஊத்து கண்ணு" என்றார்.

பிரபாகர் தன் காலி பாட்டிலையே பார்த்தான்.

தண்ணீர் கரிக்கிறது என்று கவிப்பிரியா எத்தனை தடவை சொன்னாள்! பிள்ளைத்தாச்சி வாய்க்கு எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று இவன்தான் வாயை அடைத்தான். பாவி.

மேனேஜர் பக்கத்திலேயே நின்றார்.

ஊற்றினான். போர்டு பச்சைக்குத் திரும்பியது.

மேனேஜர் தலை மறைந்ததும் கவிப்பிரியாவுக்குப் போன் போட்டான். அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய்கூடக் குடிக்காதே, யாரையும் குடிக்க விடாதே என்றான்.

அவள் சிரித்தாள்.

"ஏனுங்க, உங்க போர்டப் பாத்துத்தானே நம்மூர்ல தண்ணியே எடுக்கறோம்? நான் இப்ப உங்க கேட்டுகிட்டத்தான் நிக்கறனுங்க. செத்த முன்னால செவப்பா எரிஞ்சுதா, எல்லாரும் பயந்து நின்னுட்டோம். இப்பப் பச்சையாயிருச்சு. மோட்டாரப் போடச் சொல்லிட்டனுங்க."