மாத்திரை அவனுக்கு, அரிப்பு எனக்கு

தம்பி பரிதிக்கு யாரும் பேசாத குரல்கள் கேட்கும். "ரயில் வருது, முன்னால போ" என்று சொல்லும் குரல்கள். மாத்திரை போட்டால் அடங்கிவிடும். ஆனால் தோல் தடித்துச் சிவந்து உடம்பெல்லாம் அரிக்கும். அரிப்பு தாங்காமல் மாத்திரையை நிறுத்திவிடுவான். கடைசியாக நிறுத்தியபோது தண்டவாளத்திலிருந்து இழுத்து வந்தோம்.

அந்த ஆண்டுதான் பக்கவிளைவை வீட்டில் வேறொருவர் உடம்புக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். "கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு" என்று அம்மா தடுப்பதற்குள் நான் சம்மதம் சொல்லிவிட்டேன்.

பரிதி தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனான். காலையில் மாத்திரை போட்டதும் போன் செய்வான்.

"இன்னைக்கு எங்க அரிக்குதுக்கா?"

"முதுகுல. கை எட்டாத எடமாப் பாத்துக் குடுத்திருக்க. வந்து சொறிஞ்சு விட்டுட்டுப் போலே."

"சீப்பு அனுப்புதேன்."

அவன் மாத்திரை போடாமல் ஏமாற்றினால் என் அரிப்பு நின்றுவிடும். உடனே போனில் பிடித்துவிடுவேன்.

ஒரு வியாழக்கிழமை வெண்டைக்காய் நறுக்கும்போது அரிப்பு சட்டென்று நின்றது. அவன் நம்பருக்கு அடித்தேன். அந்தப் பக்கம் எடுத்ததும், பேசுவது யாரென்று கேட்காமலே திட்டினேன்.

"ஏலே, மறுபடி மாத்திரைய ஒளிச்சு வச்சிட்டியா? இத்தன நாளு நான் சொறிஞ்சதெல்லாம் உனக்கு வெளையாட்டா?"

அவனோடு வேலை பார்க்கும் சகாயம் நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"மாத்திரை போட்டாம்மா. என் கண்ணு முன்னாலதான் போட்டான். டீ குடிக்க உக்காந்தவன், எந்திரிக்கல."